கைப்பிடியின் வழி

மேலே அப்பளம்போல் வெள்ளை,
கீழே கருஞ்சாம்பல் களி:
போட்ஸ்வானாவின் உப்புவெளி அப்படித்தான்.
பழைய வண்டித் தடத்தைவிட்டு
அரை அடி விலகி ஓட்டியவள் நான்.
இடது பின்சக்கரம் அச்சுவரை இறங்கியது.
பின்னால், ஐஸ் பெட்டியில்,
கோமாரித் தடுப்பூசி அறுநூறு.
பெட்டியின் சின்னத் திரையில்
நான்கு டிகிரி.

பொயிகான்யோ என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
கூரையிலிருந்து ஜாக்கை அவிழ்த்தாள்:
மார்பளவு இரும்புத் தண்டு,
நெடுக ஓட்டைகள்,
ஓட்டை ஓட்டையாய் ஏறும் இரண்டு ஊசிகள்,
ஒரு நீளக் கைப்பிடி.
"டீசல். அந்தப் பழைய பல் பிரஷ்."
ஊசிகளில் உறைந்த உப்பைச் சுரண்டினாள்
குழந்தைக்குக் காது சுத்தம் செய்கிறவள்போல.
நான் திரையைப் பார்த்தேன்.
ஐந்து.

டிடீரோவைப் பற்றி இருவரும் பேசவில்லை.
போன மழைக்கு முன்பு, வேலி ரோந்தில்,
இதே ஜாக்.
கைப்பிடியைப் பாதியில் விட்டுவிட்டுக் குனிந்தான்,
ஊசி பற்றியதா என்று பார்க்க.
பற்றவில்லை.
எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்;
கைப்பிடிக்கு அது தெரியாது.
அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு வளைவு,
அந்த வளைவில் அவன் தாடை இருந்தது.
இன்றும் கூழ்தான் குடிக்கிறான்.
சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்கிறான்.

முன்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுக்க
இந்த வெளியில் கல் கிடையாது;
மரக்கட்டைகள் கொண்டுவந்திருந்தோம்.
ஜாக்கின் அடியில் பலகை,
பலகை அமுங்க, இன்னொரு பலகை.
இரண்டு கையாலும் பிடித்து,
முகத்தை ஒரு பக்கம் ஒதுக்கி,
அவள் மிதமாக அழுத்தினாள்.
டக்.
கேட்ட பிறகுதான் அடுத்தது.
டக்.
வண்டி பெருமூச்சு விட்டு எழுந்தது,
சக்கரத்தின் கீழே ஒரு குழி,
குழியில் ஊறும் உப்புத் தண்ணீர்.

மோபானி விறகை மண்வெட்டிக் காம்பால் தள்ளச் சொல்லியிருந்தாள்.
காம்புக்கு எட்டாத ஒரு மூலை.
ஆறு டிகிரி.
கையை நீட்டினேன்.

"ஒனாலெதாதா மொலெபாட்சி."
சம்பளப் பட்டியலில் இருப்பதுபோல முழுப் பெயர்.
சத்தமில்லை.
கையை இழுத்துக்கொண்டேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு கொசு வந்தது, போனது.
நான் பதில் சொல்ல வாய் திறந்தபோது
பலகை ஓரமாய்ச் சரிந்தது,
தண்டு சாய்ந்தது,
வண்டி தன் குழிக்கே திரும்பியது.
நான் வைத்த விறகு
நடுவில் பிளந்து கிடந்தது,
உள்ளே சிவப்பாக.

பொயிகான்யோ மூன்று எட்டு தள்ளி நின்றாள்.
எப்போது போனாள் என்று பார்க்கவில்லை.
கைப்பிடியைத் தண்டோடு நிமிர்த்தி
ரப்பரால் கட்டிவிட்டுத்தான் போயிருந்தாள்.

மறுபடி முதலிலிருந்து.
இம்முறை ஊசிகளைச் சுரண்டியது நான்.

ஏற்றுவதைவிட இறக்குவது பொல்லாதது.
கைப்பிடி நிமிர்ந்து நிற்கும்போது மட்டும்
அந்தச் சின்ன லீவரைத் திருப்பலாம்;
பிறகு பாரம் முழுவதும்
உன் உள்ளங்கையை மேல்நோக்கித் தள்ளும்,
விட்டுவிடேன், விட்டுவிடேன் என்று.
அவள் விடவில்லை.
டக்குக்கு டக்கு,
விறகின்மேல் வந்து உட்கார்ந்தது சக்கரம்.

ஓட்டிப் போகும்போது ஏழு.
எட்டு வரை தாங்கும்.

மாட்டுப்பட்டியில் கேட்டார்கள்,
ஏன் இவ்வளவு தாமதம்?
"சேறு," என்றாள் பொயிகான்யோ.
முதல் பசு தலையை ஆட்டியது.
மருந்தை ஏற்றும்போது என் வலது கையைப் பார்த்தேன்:
நகக்கண்ணில் களி, டீசல் வாடை.
கழுவத் தண்ணீர் கேட்டேன்.