சுற்றளவு

மேசைமேல் வைத்ததும் எல்லோரும் தேடுவது
குண்டு துளைத்த ஓட்டையைத்தான்.
இல்லை. பூச்சி அரித்தவை நான்கு உண்டு,
இடது காதுக்கு மேலே.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று
என்று சொல்லிக்காட்ட இது உதவாது.
பள்ளிப் பிள்ளைகள் முகம் சுருங்கி
அடுத்த கண்ணாடிப் பெட்டிக்கு,
பீரங்கிக் குண்டுக்கு, நகர்ந்துவிடுவார்கள்.

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது.
பொருள்: அதிகாரியின் தொப்பி, சாம்பல் கம்பளி.
காலம்: முதல் உலகப்போர், சோச்சா முதல் பியாவே வரை.
நிலை: முன்விளிம்புத் தோல் வெடித்திருக்கிறது.
பேரரசரின் முதலெழுத்துகள் பொன்னிழையில்;
அவற்றின்மேல் வண்டி அச்சுக்கு இடும் மசகு,
விரலால் அழுத்தித் தேய்த்தது.
உரியவர்: ஒரு கோடு.
பணி: இரண்டு கோடு.

உட்பட்டையில் மையால் ஒரு பெயர்:
வெகோஸ்லாவ் ஹ்ரிபெர்னிக், கால்நடை மருத்துவ லெப்டினன்ட்.
பட்டைக்குள் நீளவாக்கில் மடித்த காகிதம்.
இடுக்கியால் எடுத்தேன்.
வியர்வையில் ஊறி உலர்ந்து
பாலேடுபோல் பிரிந்தது.

பென்சில் எழுத்து. ஜெர்மன். குதிரைகளின் பட்டியல்.
குளம்பில் சுட்ட எண், நிறம், வயது.
நான்காம் பத்தியில் ஒரே ஒரு சொல்.
மலைக்கு.
மலைக்கு.
லாயத்துக்கு.
மலைக்கு.
சமையலுக்கு.
மலைக்கு.
சமையலுக்கு.
சமையலுக்கு.
பக்கம் இறங்க இறங்க மலை குறைகிறது.
கையெழுத்து மட்டும் கடைசிவரை குலையவில்லை,
ஒவ்வொரு சுழியும் வட்டமாக.
அதைத்தான் என்னால் வெகுநேரம் பார்க்க முடியவில்லை.

கடைசி வரி:
412. செம்பழுப்பு. ஒன்பது வயது. முன்னங்கால் நொண்டல்.
எண்ணுக்கு அருகே, வேறெதற்கும் இல்லாதபடி,
லீஸ்கா என்று ஒரு பெயர்.
நான்காம் பத்தி வெறுமை.

தொப்பியைக் கொண்டுவந்தவர் இவோ கோமாட்ஸ்,
பொவெட்ஸ் மேட்டில் ஆட்டுப்பால்கட்டி விற்பவர்.
"வீட்டுக்குள் இதை யாரும் விட்டதில்லை," என்றார்.
"தொழுவத்தில், ஆணியில்."
பதினெட்டாம் ஆண்டு, பனிக்கு முன்,
குதிரையில் ஏறாமல் அதைக் கையில் பிடித்து
நடந்தே வந்தானாம் அதிகாரி.
கோமாட்ஸின் முப்பாட்டன் ஆன்டோனிடம்
ஒரு பழங்கோட்டும் குடியானவன் தொப்பியும் கேட்டான்.
தன் தொப்பியையும் பையையும் குதிரையையும் விட்டு
கிழக்கே கணவாய்ப் பக்கம் போனான்.
சேர்ந்தானா என்று கேட்டேன்.
கோமாட்ஸ் தோளைக் குலுக்கினார்.

மூன்று நாள் குதிரை வாய் வைக்கவில்லை.
நான்காம் நாள், விளையாட்டாகவோ வேறு வழியில்லாமலோ,
ஆன்டோன் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றான்.
தின்றது.
சின்னத் தலைக்காரன். தொப்பி கண்ணை மறைத்தது.
பையில் கிடந்த ஏதோ காகிதத்தை,
ஜெர்மன் தெரியாதவன்,
மடித்து உள்ளே செருகிக்கொண்டான்.
பிறகு இத்தாலியக் காவலர்கள் வந்தார்கள்.
தோற்றுப்போன ராஜாவின் எழுத்து தலையில் இருந்தால் வம்பு.
அதற்குத்தான் மசகு.

நாடாவால் அளந்தேன்.
காகிதம் இல்லாமல் ஐம்பத்தேழு.
காகிதத்தோடு ஐம்பத்தைந்து.
படிவத்தில் சுற்றளவுக்கு ஒரு கட்டம்தான்.

மேல்மாடியிலிருந்து நெவென்கா கரைப்பான் பாட்டிலோடு வந்தாள்.
மசகு அரைமணியில் போய்விடும்,
பொன் பளிச்சென்று வரும் என்றாள்.
பாட்டிலை வாங்கி ஜன்னலோரம் வைத்தேன்.

பணி. முதல் கோட்டில்:
பேரரசின் படையில் நான்கு ஆண்டு, குதிரைகளைத் தரம் பிரித்தல்.
இரண்டாவதில்:
ஒரு தொழுவத்தில் பதினோரு ஆண்டு, நாளுக்கு இருவேளை.
உரியவர் என்ற இடத்தில் இன்னும் பென்சில்தான்.

தையலிடுக்கில் ஒரு ஓட்ஸ் உமி இருந்தது.
பிரிந்து விழும் எதற்கும்
தனி எண் இடவேண்டும் என்கிறது விதி.
இடவில்லை.
இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.