இரண்டு பை

கருங்கல் சந்தையில் எடுத்த பூப்போட்ட துணி.
பழைய தினசரியில் என்னையே வரைந்து வெட்டினேன்.
இடத்தோள் கொஞ்சம் இறக்கம்;
எந்தக் கடை அளவிலும் அது இல்லை.
வலக்கைத் துணியைத் தலைகீழாய் வைத்துத் தைத்து
கரண்ட் போனபிறகு மெழுகுதிரியில் பிரித்தேன்.
பை மட்டும் ஆழமாய், இரட்டைத் தையல்.

சாயங்காலம் அண்டி ஆபீஸ் வாசலில்
சோதனை போடும் ஜெபக்கனி தடவி நின்றாள்:
“சுடிதார்ல பையா? எதுக்குட்டி?”
உள்ளை வெளியாக்கி இழுத்துக் காட்டினேன்.
பஸ் டிக்கெட், ஒரு பொத்தான், நூல் பிசிறு.
ஒரு பருப்புகூட இல்லை.
அவள் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.
பிரியவில்லை.

அண்டிக்கறை ஏறிய பத்து விரலையும்
இரண்டு பைக்குள்ளும் போட்டுக்கொண்டு
ரோட்டில் நின்றேன், முதலாளி மாதிரி.
பஸ் மெதுவாக வரட்டும்.