எட்டாவது படத்தை வெட்டச் சொன்னேன்

கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு மூன்று மணி. வார்னிஷ் மணம்
எங்களுக்கு முன்பே படியேறி உட்கார்ந்திருக்கிறது.
துணிக்கம்பியில் கிளிப் மாட்டிய பன்னிரண்டு படங்கள்.
எடுத்தவர் ரேணுகாதேவி. நூல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறார்.
ஃபேனுக்கு அடியில் பேசாமல் நிற்கிறார்.
கட்டடம்னா நீங்கதானுங்க, மொதல்ல சொல்லுங்
என்கிறார் அப்பாஸ்.

சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும்
ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீட்டிக்கொண்டு
ஆரம்பித்தேன்.

முதல் படம் மில் கூரையின் ரம்பப் பற்கள்.
சிங்காநல்லூரா, பீளமேடா, தெரியவில்லை;
தெரியாததுதான் படம்.
நான்கு சாய்வு, நான்கு கறுப்பு,
புகையென்றும் மேகமென்றும் சொல்லிக்கொள்ளாத ஒரு சாம்பல்.
நன்றாக இருக்கிறது, ஆனால்
இந்த நன்றை ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மேம்பாலத்தின் அடிவயிறு.
அதற்கடுத்ததும் அதே வயிறு, தலைகீழாக.
திருப்பி மாட்டினால் அரூபம் ஆகிவிடுமா?
(நவநீதன் சிரித்தான். எனக்கு அது பிடித்திருந்தது.)

ஐந்தில் வெள்ளைச் சொட்டுத் தடம்.
கடைசி அலசல் உப்புத்தண்ணியிலா?
நல்லதண்ணி பத்து நாளைக்கொருக்காத்தானுங்க வருது.
சிறுவாணியைப் ஃபிலிமுக்கு ஊத்துனா
சோத்துக்கு என்ன பண்றது.

பிறகு இந்தக் குருணை.
உச்சி வெயிலில் எடுத்த சுவருக்கு
எதற்கு இத்தனை குருணை?
சோம்பலான கோணத்தின் மேல்
கொத்தமல்லி தூவுவது மாதிரி.

நானூறு ஃபிலிமுங்க. ஆயிரத்தறுநூறுக்குத் தள்ளுனேன்.
நெழலுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கோணும்.

எட்டாவதுக்கு எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.
வெள்ளைச் சுவர். ஜன்னல் மூலையில் கிளம்பி
படிப்படியாக இறங்கும் ஒரு கறுப்புக் கோடு.
மின்னல் என்றான் நவநீதன்.
மேலிருந்து பார்த்தால் நொய்யல் என்றார் அப்பாஸ்.

நான் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மழைநீர்க் குழாய். நான்கு கிளாம்ப்.
ஐந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை.
அந்தக் கிளாம்ப்புக்கு நாற்பது ரூபாய்
பில்லில் பிடித்தவன் நான்.

சரவணம்பட்டிக்கு அக்கட்ட,
தோட்டமாக இருந்து ஃபிளாட்டான இடம்.
வடமேற்கு மூலையில் எண்பதடிக் கிணறு.
இடித்த வீடுகளின் செங்கல்லையும் மண்ணையும்
லாரி லாரியாகக் கொட்டினார்கள்.
நிரப்பியது, கெட்டித்தது, சரி என்று
மூன்று வார்த்தைக்குக் கீழே என் கையெழுத்து.
அன்றைக்கு உறம்பரை வீட்டில் கல்யாணம்.
மண்ணை நான் மிதித்துக்கூடப் பார்க்கவில்லை.

இடப்பக்கம் கனமாக இருக்குதுங்க, என்றேன்.
குழாயை வெட்டிவிட்டால் கோடு தனியாக நிற்கும்.
தலைகள் ஆடின.
விமர்சனமாகப் பார்த்தால் தப்பில்லை.
இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

குழாய் இல்லீன்னா
கோடு எத்தன பெருசுன்னு தெரியாதுங்களே,
என்றார் ரேணுகாதேவி.

ஒன்பது, பத்து, பதினொன்று.
ஒரே சுவரை ஏன் இத்தனை தடவை என்று
கேட்கத்தான் வைத்திருந்தேன்.
இப்போது அருகில் போனேன்.
தீபாவளி. தைநோம்பி. சித்திரை.
பென்சிலில் அவர் எழுதிய தேதிகள்.
குழாய் அதே குழாய்,
கோடுதான் சற்றே தடித்துக்கொண்டு வருகிறது.

குடியிருக்கறது அங்கதானுங், ரெண்டாவது மாடி.
யாரும் வந்து பாக்க மாட்டீங்கறாங்க.

கீழே யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள்.
கம்பி அதிர்ந்து பன்னிரண்டு படங்களும் ஆடி நின்றன.
அவர் லூப்பை என்னிடம் நீட்டினார்.
கண்ணை வைத்தேன்.
ஓரம் எது, பிளவு எது, ஃபிலிம் எது என்று
பிரிக்க முடியாத கறுப்புக் குருணை.

எத்தன மில்லின்னு சொல்ல முடியுங்களா,
ஸ்கேல் எதுனா இருக்குதுங்களா, என்றார்.

என் கையிலேதான் இருந்தது.