மெழுகுக் கணக்கு

சகல புனிதர்களின் திருநாள்.
முந்தின நாள் இரவு கடை சாத்தும்வரை விற்றேன்.
தேன்மெழுகுத் திரி நானூற்றுப் பன்னிரண்டு.
கொழுப்புத் திரியை எண்ணவில்லை, அது ஏழைகள் வாங்குவது.
கடன் சொன்னவர்கள் பெயர் அலமாரியின் உட்பக்கம் இருந்தது.
அலமாரி இல்லை.
அவர்களில் பலரும் இல்லை.

காலைப் பூசையின் நடுவில்
லிஸ்பன் நகரத்து மணிகளெல்லாம் தாமாக அடித்தன.
அற்புதம் என்றுதான்
முதலில் நினைத்தேன்.

பிறகு கூரை.
பிறகு ஆறு, கப்பல்களைச் சுமந்துகொண்டு
தெருவுக்குள் ஏறி வந்தது.
பிறகு நெருப்பு, நாள்கணக்கில்.

குன்றின்மேல் பாய்த்துணிக் கூடாரம்.
பாதிரியார் இல்தெபோன்சு விளக்குகிறார்,
புகை அடைத்த குரலில்.
நம் பாவங்கள்தான், என்கிறார். சூது, களியாட்டம்,
மாலுமிகள் நுழையும் அந்தத் தெரு.
"அந்தத் தெருவில் ஓர் ஓடுகூட நகரவில்லை, சுவாமி"
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
எழப் பார்த்த சிரிப்பு
எழாமலே அடங்கியது.

அப்படியென்றால் சோதனை. பொன்னைத்தானே புடம் போடுவார்கள்?
என் லெயோகாதியாவுக்கு ஆறு வயது.
முன்பல் இரண்டும் விழுந்து
ஜெபத்தில் பாதி காற்றாகத்தான் வரும்.
அவளைப் புடம் போட்டு எடுத்த பொன்
இப்போது யார் கழுத்தில்?

நாம் பார்ப்பது கம்பளத்தின் அடிப்பக்கம், என்கிறார்.
முடிச்சுகள் மட்டுமே நமக்குத் தெரியுமாம்.
முடிச்சுக்கு ஏன் வலிக்க வேண்டும்
என்று கேட்க வாயெடுத்தேன்.
ஆசீர்வதிக்க உயர்ந்த கையைப் பார்த்தேன்.
மூன்று நாள் கல்லைத் தோண்டிய கை.
விரல்களில் நகமே இல்லை.
கேட்கவில்லை.

என்னிடம் வேறொன்று இருக்கிறது,
யாரும் என்னைக் கேட்காதது.
பூமியை ஆட்டியது அவர் காரியம், இருக்கட்டும்.
நெருப்பு?
அது பீடங்களிலிருந்து இறங்கி வந்தது.
கப்பல் திரும்ப, கண் தெரிய, காய்ச்சல் இறங்க
ஏற்றி வைத்த ஒவ்வொரு வேண்டுதலின் நுனியிலும்
அது ஏற்கெனவே இருந்தது.
நல்ல மெழுகு. கலப்படம் கிடையாது.
சாய்ந்தாலும் அணையாது
என்று சொல்லிச் சொல்லித்தான் விற்றேன்.

இருட்டியதும் இறந்தவர் பட்டியலை எடுத்தார்.
"குயித்தேரியா, திரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"
மடியில் ஒன்று இருந்தது, உடல்சூட்டில் வளைந்து.
கீழே வைக்க மனமில்லை.
நானே பிடித்துக்கொண்டேன்.
மெழுகு மணிக்கட்டுவரை வழிந்தது.
அவர் வாசித்துக்கொண்டே போனார்,
தெருத்தெருவாக.

எங்கள் தெரு வந்தது.
நகமில்லாத விரல் ஒரு வரியில் நின்றது,
நெடுநேரம்.

"எழுத்து சரியாகத் தெரியவில்லை" என்றார்.
"இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடி."