அரை விநாடி

ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு பப்பின் மாடி,
செவ்வாய் இரவு, நுழைவு இலவசம்.
இருப்பது பதினேழு பேர்.
அதில் ஆறு பேர் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள்;
செத்தாலும் சிரிக்க மாட்டார்கள்.

ஜோஸ்லின் டிராம் ஓட்டுகிறவள்.
அடுத்த நிறுத்தம் சொல்கிற அதே குரலில்
தன் விவாகரத்தைச் சொல்வாள்.
சிரிப்பு வார்த்தை என்று ஒன்றுகூட இல்லை,
எனக்கு விலா நோகும்.

ஆனாலும் என் ஆள் தர்ஷானந்தன்தான்.
சொல்வதென்னவோ பழைய சங்கதி:
மாமியாரின் ஸ்பீக்கர்போன்,
பன்னிங்ஸில் ஏணி வாங்கப் போய்
எலுமிச்சங்கன்றோடு வந்தது.
மைக் ஒயரை முழங்கையில் சுற்றுவான்
கொடிக்கயிறு கழற்றுகிறவன் மாதிரி.
வாயைத் திறப்பான். மூடுவான்.
அந்த அரை விநாடி இருக்கிறதே,
அதுதான் சரக்கு.
மற்றதெல்லாம் பொட்டலம் கட்டிய காகிதம்.

வீட்டில் மனைவியிடம்
ஒரு சொல் பிசகாமல் சொல்லிப் பார்த்தேன்,
ஏணி, எலுமிச்சை எல்லாம்.
"சரி, அப்புறம்?" என்றாள்.

போன வாரம்
வாயைத் திறந்தான், மூடினான்,
மூடியபடியே நின்றான்.
கிளாஸ் துடைக்கிற பையன்கூடத் துணியை நிறுத்தினான்.
முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள்,
பிறகு மேசை தட்டி, கண்ணில் நீர் வழிய
எல்லோரும். அந்த ஆறு பேரும்.
அவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினான்.

டிராம் நிறுத்தத்தில்
கெபாப் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தான்.
"மறந்திட்டன் அண்ணை" என்றான்.
"உண்மையா மறந்திட்டன்."

முகத்தை இறுக்கிப் பிடித்தேன்.
எண்பத்திரண்டாம் நம்பர் வர
இன்னும் ஒன்பது நிமிடம்.