முட்டிக்குக் கீழே

எட்டுப் பேரும் என்னைப் பார்த்து நிற்பார்கள்.
நான் ஒருத்திதான் அவர்களைப் பார்த்துக் குந்தியிருப்பேன்.
கேட்சருக்குக் கிடைக்கிற கூலி அது:
முகத்தில் கம்பி, தொடையில் தீ,
கண் நிறைய ஊட்டி.

அதனால் பனியை முதலில் பார்த்ததும் நான்தான்.
கற்பூர மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டு
வேலி தாண்டி வந்தது.
சென்டரில் யோகமலர் இடுப்புவரை இருந்தாள்,
பிறகு தொப்பி மட்டும்,
பிறகு, "ஏய், நான் இங்கதான்டி இருக்கேன்"
என்கிற குரல் மட்டும்.

அகில இந்தியக் கல்லூரி சாஃப்ட்பால், பெண்கள் அரையிறுதி.
ஏழாவது இன்னிங்ஸ். நாங்கள் நாலு, அவர்கள் மூன்று.
இரண்டு பேர் அவுட்.
இரண்டாம் பேஸில் அமராவதிக்காரி, பதினாலாம் நம்பர்.
எட்வின் சார் இரண்டு கையையும் தூக்கி
ஆட்டத்தை நிறுத்தினார்.

நாற்பது நிமிடம்.
வெயிலைத் தின்று வளர்ந்த பெண்கள்
விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத புது ஸ்வெட்டர்களுக்குள்
கையை ஒளித்துக்கொண்டு நின்றார்கள்.
பதினாலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
ஷீதல் தாய்டே.
வர்க்கியை அப்படியே கடித்து
மடியெல்லாம் தூளாக்கினாள்.
டீயில் முக்கு என்று காட்டினேன்.
என் இந்தி ரயில்வே அறிவிப்பு அளவுக்கு;
அவள் தமிழ் "நல்லா" வரைக்கும்.
அதை வைத்துக்கொண்டே
அவள் அப்பாவுக்கு ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை,
என் அப்பாவுக்குக் கேத்தியில் கேரட் கழுவும் மிஷினில்
என்பதுவரை போய்விட்டோம்.
இரண்டு வீட்டுச் சோற்றுக்கும் ஒரே நிறம்.
சிரித்தோம்.
பனி கொஞ்சம் விலகியது.

ஜோஸ்லின் வீசினாள்.
பேட்டில் பட்ட சத்தம் கேட்டது, பந்து தெரியவில்லை.
ரைட்டிலிருந்து, ஒன்றுமில்லாத வெள்ளையிலிருந்து,
மஞ்சளாக ஒன்று என்னைத் தேடி வந்தது.
மூன்றாம் பேஸைச் சுற்றி ஷீதலும் வந்தாள்.
பிடித்தேன். தொட்டேன்.
அவள் சறுக்கி என் மேல் மோதினாள்.

இங்கேதான்.

பந்து கையுறையிலிருந்து நழுவியது.
தரையில் ஒருமுறை குதித்தது.
என் முட்டிக்குக் கீழே போய் நின்றது.
நான் எதையும் யோசிக்கவில்லை என்று சொன்னால்
பாதி உண்மை.
கை யோசிக்காமல் எடுத்தது.
எடுத்த பிறகு, மறைத்தது நான்.

எட்வின் சாரின் கண்ணாடியில் அரை மைதானம் பனி.
துடைத்தார். என் கையில் பந்தைப் பார்த்தார்.
"அவுட்!"

மலர் எங்கிருந்தோ ஓடி வந்து என்னைத் தூக்கினாள்.
அந்த உயரத்திலிருந்து பார்த்தேன்:
ஷீதல் இன்னும் எழவில்லை.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.
அவர்கள் கோச் கத்தினார்.
அவள் அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் இறுதி. கேரளத்திடம் ஒன்பதுக்கு ஒன்று.
அது பரவாயில்லை;
தோற்றது தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

அவர்கள் ரயில் இரவில்தானாம்.
அதுவரை என்ன செய்வது என்று
மொத்த டீமும் கேலரியில் வந்து உட்கார்ந்திருந்தது.
மூன்றாவது படியில், விலைச்சீட்டு ஆடும் ஸ்வெட்டரோடு,
நான் ஒவ்வொரு பந்தைப் பிடித்தபோதும்
அவள் கை தட்டினாள்.

நல்லா, நல்லா, என்று கத்தினாள்.