தாள் மாறிய நாள்

குவைத், அப்பாசியா.
எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு
ஏழு துண்டு.
ஏ-யிலிருந்து எஃப் வரை கட்டடத்துக்குள்.
ஜி மட்டும் வெளியே,
பேருந்துகள் வளைந்து திரும்பும் மணலோரம்
ஒரு போர்ட்டா கேபினில்.

ஏப்ரலில் பட்டியல் ஒட்டுவார்கள்.
யாரும் யாரையும் மக்கு என்று சொல்வதில்லை.
"கூடுதல் ஆதரவு தேவைப்படும் பிரிவு" என்பார் மேற்பார்வையாளர்,
கண்ணாடியைத் துடைத்தபடி.
பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நீளம்.
"ஜி ஃபார் குடோன், மிஸ்."

எனக்கும் ஒரு பட்டியல் உண்டு.
ஊரிலிருந்து வரவழைத்தவர்களுக்கு ஒரு சம்பளம்,
கணவர் விசாவில் வந்து
இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்னொன்று.
ஆறு வருடமாக எனக்கு ஜி.
உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி என்கிறார்கள்.

அன்று தூசிக்காற்று.
நகலெடுக்கும் அறையில் இரண்டு கட்டு இடம் மாறியிருந்தது,
எனக்குத் தெரியாது.
இருமிக்கொண்டே தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.
ஏசி வாளியில் சொட்டியது.

வழக்கமாகப் பத்தாவது நிமிடம்
யாராவது தண்ணீர் குடிக்கக் கேட்பார்கள்.
யாரும் கேட்கவில்லை.
ஷிஃபானா நகம் கடித்தாள்.
எட்வின்ராஜ் பெஞ்சில் விரலால் முக்கோணம் போட்டான்.
தமீம் அன்சாரி,
வெள்ளிக்கிழமைகளில் பணம் அனுப்பும் வரிசையில்
அத்தாவின் பக்கத்தில் நின்று
தினாரை ரூபாயாக்கி,
கவுன்ட்டர்காரர் பொத்தானைத் தட்டும் முன்னே சொல்பவன்,
மூன்றாவது கணக்கிலிருந்து ஏழாவதுக்குத் தாவினான்.
திரும்பி வந்தான்.
எட்டிப் பார்த்தேன். சரி.
பக்கத்துப் பையன், பாதி சரி.
தப்பும் தைரியமான தப்பு.

அப்போதுதான் தாளின் மூலையைப் பார்த்தேன்:
9-ஏ.

சொல்லியிருக்கக் கூடாது.
சந்தோஷம் வாயை அடக்கவில்லை.
"தெரியுமா, இது ஏ செக்‌ஷன் தாள்!"

ஏசி மட்டும் பேசியது.
எட்வின்ராஜ் தாளைக் கவிழ்த்து வைத்தான்.
"ஸாரி மிஸ்" என்றாள் ஷிஃபானா,
எதற்கு என்று அவளுக்கே தெரியாமல்.
தமீம் ரப்பரை எடுத்தான்.
"டேய், அது சரிடா."
"இருக்காது மிஸ்."
அழித்தான்,
அடுத்தவர் பையில்
கை தவறி விட்டுவிட்டவன் போல,
அவ்வளவு அவசரமாக.

பிறகு மேற்பார்வையாளர் வந்தார்.
ஏ-யில் எங்கள் தாளை
நாலு நிமிடத்தில் முடித்துவிட்டுச் சிரிக்கிறார்களாம்.
ஒரு பெண் மட்டும் அழுகிறாளாம்,
தன்னைக் கீழே இறக்கிவிட்டார்களோ என்று.
"இனிமேல் கட்டைச் சரிபார்த்து எடுங்க, டீச்சர்."
எடுக்கிறேன் சார்.

ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பின்
சமையல் மேடையில் வைத்துத் திருத்தினேன்.
தமீமின் தாள் ஏழாவது கணக்கில்
தேய்ந்து மெலிந்திருந்தது.
அழுத்தி எழுதும் பையன்.
விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன்,
பென்சில் விட்டுப்போன பள்ளங்கள் தெரிந்தன:
மூன்று புள்ளி ஒன்று இரண்டு ஐந்து.

மூன்று தினார்,
நூற்று இருபத்தைந்து ஃபில்ஸ்.
அப்படித்தான் கண்டுபிடித்திருப்பான்.